போர்டு பள்ளி முதல் மேலாண்மைக் குழு வரை: புதுவாயல் வட்டாரத்தில் பள்ளிக்கான வாக்குரிமை

சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில் கவரைப்பேட்டையை ஒட்டி, பெரியபாளையம் சாலை பிரியும் இடம் புதுவாயல். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போகும் கம்பெனி பஸ்கள் விடியலிலிருந்தே இந்த வழியில் ஓடுகின்றன. இங்குள்ள அரசுப் பள்ளிகளை யார் நடத்துவது, அவர்களை யார் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு ஒன்றரை நூற்றாண்டு வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் வாக்களிப்போரின் வட்டம் ஒவ்வொரு கட்டத்திலும் விரிந்தது. தேர்வானவர்களின் கையில் இருந்த பணமும் அதிகாரமும் ஏறக்குறைய அதே வேகத்தில் சுருங்கின. இந்த இரண்டு போக்குகளையும் சேர்த்துப் பார்க்காமல் இன்றைய பள்ளி மேலாண்மைக் குழுவை மதிப்பிட முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தொடக்கம் 1871. அந்த ஆண்டின் சென்னை உள்ளாட்சி நிதிச் சட்டம் சாலை, சுகாதாரம், கல்வி ஆகியவற்றுக்கு உள்ளூரிலேயே வரி திரட்ட வழிசெய்தது. ஆனால் போர்டில் உட்கார்ந்தவர்கள் நியமிக்கப்பட்டவர்கள், தலைமை கலெக்டருடையது. இங்கிலாந்தில் அதற்கு முந்தைய ஆண்டுதான் தொடக்கக் கல்விச் சட்டம் தேர்தல் வழிப் பள்ளி போர்டுகளை உருவாக்கியிருந்தது. லண்டன் போர்டின் முதல் தேர்தலிலேயே எலிசபெத் காரெட், எமிலி டேவிஸ் என்ற இரு பெண்கள் வென்றார்கள். சென்னை மாகாணத்துக்குப் போர்டு வந்தது, தேர்தல் வரவில்லை.

வைஸ்ராய் ரிப்பன் பிரபுவின் 1882ஆம் ஆண்டு உள்ளாட்சித் தீர்மானமும், தொடக்கக் கல்வியை உள்ளாட்சியிடம் விடச் சொன்ன ஹண்டர் குழுவின் பரிந்துரையும் நிலைமையை நகர்த்தின. 1884ஆம் ஆண்டுச் சட்டத்தில் மாவட்ட போர்டு, தாலுகா போர்டு, யூனியன் என்ற மூன்று அடுக்குகள் அமைந்தன. புதுவாயலை உள்ளடக்கிய பகுதி அப்போது செங்கல்பட்டு மாவட்டம். போர்டு ஸ்கூல், போர்டு வாத்தியார் என்று பழைய தலைமுறை சொல்லும் சொற்கள் இந்த அமைப்பின் மிச்சம். 1920இல் வந்த இரு சட்டங்கள் இன்னும் முக்கியமானவை. உள்ளாட்சி போர்டுகள் சட்டம் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களுக்குப் பெரும்பான்மை தந்தது. தொடக்கக் கல்விச் சட்டம் மாவட்டக் கல்விக் குழுக்களை அமைத்ததுடன், கல்வி வரி போடும் அதிகாரத்தையும் உள்ளாட்சிகளுக்கு வழங்கியது. அமெரிக்கப் பள்ளி வாரியங்களுக்கு நம் ஊர் அமைப்பு மிக அருகில் வந்த காலம் இதுதான். அங்கே சுமார் 13,000 பள்ளி மாவட்டங்கள் உள்ளன. பெரும்பாலானவற்றில் மக்கள் தேர்ந்தெடுத்த வாரியமே பட்ஜெட் போடுகிறது, கண்காணிப்பாளரை நியமிக்கிறது. பணத்தின் கணிசமான பங்கு உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து வருகிறது.

வரியோடு வாக்கைக் கட்டியதால் விளைந்த அநீதியை இங்கே நிறுத்திச் சொல்லியாக வேண்டும். வாக்காளர் என்றால் வரி செலுத்துபவர். நிலமில்லாத கூலிக் குடும்பம் அந்தப் பட்டியலில் இல்லை. அக்குடும்பத்துப் பிள்ளை படிக்கும் பள்ளியைப் பற்றி முடிவெடுப்பவர்கள், பல இடங்களில் அந்தப் பிள்ளை பள்ளிக்குள் வருவதையே விரும்பாதவர்கள். செங்கல்பட்டின் பட்டியல் சாதி மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை அம்மாவட்டக் கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கை விரிவாகக் காட்டுகிறது. நிலமும் கல்வியும் மறுக்கப்பட்டதன் ஆவணம் அது. அக்ரகாரத்திலும் ஊர்ச்சாவடியிலும் நடந்த பொதுப் பள்ளிகளுக்குள் அந்தப் பிள்ளைகள் நுழைய முடியாத நிலை 1920களிலும் தொடர்ந்தது. அதனால்தான் தொழிலாளர் துறை தனியாகப் பள்ளிகள் திறக்க வேண்டியிருந்தது. இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் மூலம் அந்த லேபர் ஸ்கூல்கள். போர்டுகளுக்கு இருந்த சுயாட்சியை ஏக்கத்தோடு எழுதும் ஆய்வாளர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போவது சரியல்ல. யாருடைய சுயாட்சி என்று கேட்டாக வேண்டும்.

1930களில் கல்விக் குழுக்களும் தாலுகா போர்டுகளும் போயின. வயது வந்தோர் அனைவருக்கும் வாக்கு என்ற நிலை வந்தது சுதந்திரத்துக்குப் பிறகே.

அடுத்த பெரிய திருப்பம் காமராஜர் காலம். கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் முதலாவது 1958இல் கடம்பத்தூரில் கூடியது. இன்றைய திருவள்ளூர் மாவட்டத்து ஊர்தான். பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம், மதிய உணவுக்குப் பாத்திரம், கட்டடத்துக்கு நிலம் என்று ஊரார் கொடுத்ததை அந்த மாநாடுகள் மேடையேற்றின. ஆனால் கொடுத்தவருக்குப் பள்ளியில் வாக்கு கிடையாது. மக்கள் பங்கேற்பு என்பது கொடையாக வளர்ந்ததே தவிர, உரிமையாக வளரவில்லை.

அதே 1958இல் இயற்றப்பட்ட பஞ்சாயத்துச் சட்டத்தின்படி 1960 முதல் ஊராட்சி ஒன்றியங்கள் அமைந்தன. மாவட்ட போர்டின் தொடக்கப் பள்ளிகள் ஒன்றியத்திடம் வந்தன. இருபது ஆண்டுக் காலம் ஆசிரியர் நியமனமும் இடமாற்றமும் ஒன்றியத்தின் பிடியில் இருந்தன. சேர்மனுக்குப் பிடிக்காத வாத்தியார் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்பது அக்கால ஆசிரியர்களின் நியாயமான குறை. 1981 ஜூன் 1 முதல் ஒன்றிய ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். ஆசிரியர்களுக்குப் பாதுகாப்பு கிடைத்தது. அன்றோடு, உள்ளூரில் தேர்வான யாருக்கும் ஆசிரியர் மீது நிர்வாகப் பொறுப்பு இல்லாமல் போனது. ‘ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி’ என்ற பெயர்ப் பலகை மட்டும் அப்படியே நிற்கிறது.

73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் பதினோராவது அட்டவணையில் தொடக்க, இடைநிலைக் கல்வியைச் சேர்த்தும் தமிழ்நாட்டில் அது உள்ளாட்சிக்குத் திரும்பவில்லை. அனைவருக்கும் கல்வித் திட்டத்தில் வந்த கிராமக் கல்விக் குழுவுக்கு ஊராட்சித் தலைவரே தலைவர். பெற்றோர் ஓரத்தில் இருந்தனர்.

2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம்தான் அடிப்படையை மாற்றியது. அதன் 21ஆவது பிரிவின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு விகிதப்படி இடம் உண்டு. தமிழ்நாட்டில் 2022இல் இந்தக் குழுக்கள் முனைப்போடு மறுகட்டமைப்புச் செய்யப்பட்டன. அப்போது உறுப்பினர்கள் 20 பேர். 2024 மறுகட்டமைப்பில் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 ஆனது.

புதுவாயல் போன்ற வட்டாரத்தில் இதன் பொருள் ஆழமானது. இந்தத் தேர்தலுக்குத் தகுதி, பள்ளியின் வருகைப் பதிவேட்டில் பிள்ளையின் பெயர் இருப்பது. வாக்காளர் பட்டியலோ வீட்டு வரி ரசீதோ கேட்கப்படுவதில்லை. சூளையில் செங்கல் அறுக்கும் குடும்பம், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் சிப்காட் வேலைக்கு வந்த தொழிலாளி, பட்டா இல்லாத இருளர் குடும்பம், கும்மிடிப்பூண்டி முகாமில் வாழும் இலங்கைத் தமிழர்: பிள்ளை அரசுப் பள்ளியில் படித்தால் இவர்கள் எல்லோருக்கும் சட்டம் இடம் தருகிறது. இந்தியக் குடியுரிமை இல்லாத முகாம்வாசிகளுக்கு இந்திய மண்ணில் வேறெந்தப் பொதுத் தேர்தலிலும் வாக்கில்லை. 1838இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம், பள்ளி வயதுப் பிள்ளைகள் உள்ள, வரி கட்டும் விதவைகளுக்குப் பள்ளித் தேர்தலில் வாக்குரிமை தந்தது. மற்றத் தேர்தல்களில் அங்கே பெண்களுக்கு வாக்களிக்க அனுமதி இல்லாத காலம் அது. பொதுத் தேர்தலின் வாசல் அடைத்திருந்தவர்களுக்குப் பள்ளியின் வாசல் முதலில் திறந்தது அங்கும் நடந்ததுதான்.

ஆனால் வாசலுக்கு வந்து சேர நேரம் வேண்டும். மாதக் கூட்டம் வழக்கமாக வெள்ளிக்கிழமைப் பிற்பகல். ஜெனரல் ஷிஃப்டில் இருக்கும் கான்ட்ராக்ட் தொழிலாளி வர வேண்டுமானால் அரை நாள் கூலியை விட வேண்டும். அதனால் வருவது பெரும்பாலும் அம்மாக்கள், அவர்களிலும் வேலைக்குப் போகாதவர்கள். தலைமையாசிரியர் தீர்மானத்தை வாசிப்பார், பதிவேடு கை மாறும், கையெழுத்தோ கைநாட்டோ விழும், குழந்தையைக் கூட்டிக்கொண்டு கிளம்ப மணியாகிவிடும். இந்தி, ஒடியா பேசும் தாய்க்கு அந்தத் தீர்மானத்தை அவள் மொழியில் சொல்ல ஏற்பாடு எதையும் சட்டம் செய்யவில்லை. வாக்குரிமை தந்த சட்டம் கூட்டத்தின் நேரத்தையும் மொழியையும் கவனிக்காமல் விட்டது பெரிய குறை.

அதிகாரமோ இன்னும் குறைவு. 22ஆவது பிரிவு பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிக்கச் சொல்கிறது; அதற்கு நிதி ஒதுக்குமாறு யாரையும் கட்டாயப்படுத்தும் வலு குழுவுக்கு இல்லை. வரி போட முடியாது. 2022இல் காலிப் பணியிடங்களுக்குத் தற்காலிக ஆசிரியர்களை இக்குழுக்கள் வழியே அமர்த்த அரசு உத்தரவிட்டது. இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுநிலை ஆசிரியருக்கு 12,000. நியமன அதிகாரம் உள்ளூருக்குத் திரும்பியதுபோல் தோன்றினாலும், தொகையும் தகுதியும் மேலேயே முடிவாகி வந்தன. 1920இன் போர்டு வரி போட்டது, ஆசிரியரை நியமித்தது. ஆனால் ஏழைக்கு அதில் வாக்கில்லை. இன்றைய குழுவில் ஏழைக்கு இடம் இருக்கிறது. கழிப்பறைக் கதவை மாற்றுவதற்கும் மேலிடத்துக்கு எழுத வேண்டியிருக்கிறது.

2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 28 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். திருவள்ளூரும் அவற்றில் ஒன்று. ஊராட்சித் தலைவரும் வார்டு உறுப்பினரும் ஒன்றியக் குழுவும் இல்லாத அந்த நாட்களில், இவ்வட்டாரத்துக் கிராமங்களில் ஊர்க்காரர்களே கூடித் தேர்ந்தெடுத்த பொது அமைப்பாக எஞ்சியிருந்தது 2024இல் பெற்றோர் அமைத்த பள்ளி மேலாண்மைக் குழுதான்.