மொழி ஒப்புமையும் மொழி உறவும்

இன்று லிட்டில் இந்தியா எனப்படும் சிங்கப்பூர்ச் சிராங்கூன் சாலைப் பகுதி, முற்காலத் தமிழரிடையே சுண்ணாம்புக் கம்பம் என வழங்கிற்று. ஆங்கிருந்த சுண்ணாம்புச் சூளைகளால் அமைந்த பெயர் அது. வீரமாகாளியம்மன் கோயிலையும் சுண்ணாம்புக் கம்பம் கோயில் என்றே மக்கள் அழைத்தனர். தமிழகத்தினின்று புதிதாக வந்தவர் இதனைத் தூண் என்று கொள்ளக்கூடும். தேனி மாவட்டத்துக் கம்பம் என்னும் ஊரை நினைப்பாரும் உளர். இரண்டும் அல்ல. சிற்றூரைக் குறிக்கும் மலாய்ச் சொல்லாகிய ‘கம்போங்’ தமிழர் நாவில் கம்பமாயிற்று. அருகிலுள்ள தேக்காவும் தேக்கு மரத்தால் பெற்ற பெயரன்று. மூங்கிலின் அடி எனப் பொருள்படும் ஹொக்கியன் சீனத் தொடரின் திரிபு அது. ஒலி ஒன்றையே பற்றிச் சொல்லின் பிறப்பைத் துணிவார் வழுக்கி விழும் இடம் இது.

தமிழும் மலாயும் நெடுங்காலம் கொண்டும் கொடுத்தும் வந்தவை. கடை மலாயில் ‘கெடை’ ஆயிற்று. கப்பல் ‘காப்பல்’ ஆயிற்று. வணிகர் இடும் முதல் ‘மோடல்’ ஆயிற்று. கட்டில், பெட்டி, சுருட்டு ஆகியனவும் சென்றன. மாம்பழம் ‘மெம்பெலம்’ என்றும், கழுதை ‘கெல்டை’ என்றும் உருமாறின. நம் சிறப்பு ழகரம் மலாயர் நாவில் பட்ட பாட்டினை இங்கே காணலாம். இவை பெரும்பாலும் வணிகத்தோடும் கலத்தோடும் சென்ற சொற்கள். கண், கை போன்ற உறுப்புப் பெயர்களும் எண்ணுப் பெயர்களும் மலாய்க்குத் தம்முடையனவே. மீசை மட்டும் ‘மிசை’யாகி எவ்வாறோ கப்பலேறிவிட்டது!

இத்தொடர்பின் பழைமைக்குக் கல்வெட்டுகள் சான்று. தென் தாய்லாந்தின் தக்குவாபாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்னும் குளம் தோண்டப்பெற்று மணிக்கிராமத்தார் முதலியோர் காவலில் விடப்பெற்றதைக் கூறுகின்றது. சுமத்திராவின் பாருசுப் பகுதியில் 1088ஆம் ஆண்டைச் சார்ந்த தமிழ் வணிகக் குழுவினரின் கல்வெட்டு கிடைத்தது. மலாயில் இன்றும் குளத்திற்குக் ‘கோலம்’ என்று பெயர்.

சொற்களை விடுத்து இலக்கணத்தை நோக்கின் வேறொரு வியப்பு எழும். கேட்போரை உளப்படுத்தும் ‘நாம்’, உளப்படுத்தாத ‘நாங்கள்’ என்னும் வேறுபாடு ஆங்கிலத்தில் இல்லை, வடமொழியிலும் இல்லை. மலாயிலோ ‘கித்தா’ என்றும் ‘காமி’ என்றும் அவ்வேறுபாடு தெளிவாக உண்டு. இதனைக் கண்டு இரண்டும் ஒரு தாய் மக்கள் எனக் கூறலாமா? கூறலாகாது. மலாய் வினைகள் முன்னொட்டுகளைப் பெருக ஏற்பன. தமிழ் உருபுகளையும் விகுதிகளையும் பின்னே கொள்வது. நாம் ‘பெரிய வீடு’ என்பதை மலாயர் ‘ரூமா பெசார்’, அதாவது ‘வீடு பெரிய’ என்பர்.

உறவைக் காட்டுவது நெறிப்பட்ட ஒலி மாற்றமே. தமிழில் பால், புலி, பல் என்பன கன்னடத்தில் ஹாலு, ஹுலி, ஹல்லு என ஒரே முறையில் திரிகின்றன. ஐந்து என்பதற்கு மலாயில் ‘லீமா’, நியூசிலாந்து மாவோரி மொழியில் ‘ரிமா’, மடகாசுகரில் ‘டிமி’. மலாயின் சுற்றம் கடல் நெடுகப் பரந்து கிடக்கின்றது. தமிழ் அச்சுற்றத்தில் இல்லை.

பேரறிஞரும் இங்கே தவறியதுண்டு. இந்தோ ஐரோப்பிய ஒப்பிலக்கணத்திற்கு வித்திட்ட பிரான்சு பாப், மலாய் இனமொழிகளும் வடமொழிக் கிளையினவே என 1841இல் நூல் எழுதினார். ஆயின் அதற்குச் சற்று முன், 1836 முதல் 1839 வரை வெளிவந்த தம் நூலில், ஹம்போல்ட் சாவகத்தின் கவி மொழியை ஆய்ந்திருந்தார். வடசொற்கள் நிரம்பியிருப்பினும் இலக்கணத்தால் அது மலாய் இனத்ததே என்று அவர் கண்டார்.

இதே சிக்கல் தமிழுக்கும் நேர்ந்தது. கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் திராவிட மொழிகளின் தனிக் குடும்பத்தை நிலைநாட்டினார். அதனோடு அமையாது, துருக்கியம், பின்னியம் முதலியன அடங்கிய ‘சித்திய’ மொழிகளோடும் அதற்கு உறவுண்டு என்றார். துருக்கிய இனத்து உசுபெக்கை நோக்கின் அவர் மயங்கிய காரணம் விளங்கும். வீடு ‘உய்’, வீட்டில் ‘உய்தா’, வீடுகளில் ‘உய்லர்தா’. பன்மை விகுதி முன்னும் இடவுருபு பின்னுமாகத் தமிழைப் போன்றே ஒட்டுகின்றது. ஆயினும் இவ்வமைப்பு ஒன்றே சான்றாகாது. சித்திய உறவை இன்றைய மொழியறிஞர் பெரும்பாலோர் ஏற்பதில்லை.

மற்றொருவர் மேற்கே சென்றார். லஹோவரி என்பார் 1963இல் வெளிவந்த ஆங்கில நூலில், பிரெனீசு மலைப்பகுதியின் பாஸ்கு மொழியைத் திராவிடத்தோடு இணைக்க முயன்றார். பாஸ்குவிலும் வீடு ‘எச்சே’ ஆயின் வீட்டில் ‘எச்சேஅன்’. ஈற்றில் ஒட்டு உண்டு. ஆயின் அங்கே ‘மனிதன் வந்தான்’ என்பதில் எழுவாய் ‘கிசோனா’. ‘மனிதன் நூலைப் படித்தான்’ என்பதில் அது ‘கிசோனக்’ எனக் ககர ஒற்றை ஏற்கும். செயப்படுபொருள் குன்றிய வினைக்கு ஒரு வடிவமும் குன்றாத வினைக்கு வேறொரு வடிவமுமாக எழுவாய் மாறுவது தமிழிலும் இல்லை, உசுபெக்கிலும் இல்லை. அம்மொழியில் நூலுக்குப் பெயர் ‘லிபுரு’. அதுவும் இலத்தீனிடம் கடன் பெற்றது. உசுபெக்கின் ‘கிதாப்’ அரபியினின்று வந்தது. மலாயின் ‘பூக்கு’ ஐரோப்பியர் தந்தது. நம் ‘புத்தகம்’ வடசொல்.