பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கும் மேற்கும்

வெளியூரிலிருந்து இரண்டு நாள் விடுமுறைக்குப் புதுச்சேரி வருகிறவர்கள் கேட்பது மூன்று கேள்விகள். எங்கே துணிமணி வாங்கலாம்? எங்கே சாப்பிடலாம்? பார்க்க என்ன இருக்கிறது? பதிலாக இப்போது எல்லோரும் ஒரே இடத்தைத்தான் காட்டுகிறார்கள்: கடற்கரைக்கும் பெரிய வாய்க்காலுக்கும் நடுவில் உள்ள பிரெஞ்சுப் பகுதி. ஆட்டோக்காரர் முதல் ஓட்டல்காரர் வரை அதற்கு ‘ஒயிட் டவுன்’ என்று பெயர் வைத்தாகிவிட்டது. மஞ்சள் சுவர், வெள்ளைக் கரை, மதில்மேல் காகிதப்பூக் கொடி, அதன் முன்னால் ஒரு புகைப்படம். அதோடு புதுச்சேரி பார்த்து முடிந்தது.

நான் அந்தப் பகுதியில் இருந்த ஓர் அரசு அலுவலகத்தில் பல ஆண்டுகள் எழுத்தராக இருந்தவன். பள்ளியில் கணக்கும் சரித்திரமும் பிரெஞ்சில் படித்தவன். அதனால் வீட்டுக்கு வரும் விருந்தினரை ஊர் சுற்றிக் காட்டும் பொறுப்பு எப்போதும் என்னிடம்தான் வந்து சேரும். அவர்களுக்கு வழியில் சொல்லும் செய்திகளை இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன். நம் ஊர்க்காரர்களுக்குப் பாதி தெரிந்திருக்கும். மீதியைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

முதலில் வீதிகள். பிரெஞ்சுக்காரர்கள் இங்கே வந்து குடியேறியது 1674-இல், பிரான்சுவா மர்த்தேன் காலத்தில். ஆனால் குறுக்கும் நெடுக்குமாக நூல் பிடித்தாற்போல் போகும் வீதிகளுக்குத் திட்டம் போட்டவர்கள் ஒல்லாந்தர். அவர்கள் 1693-இல் ஊரைப் பிடித்து, 1699-இல் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த ஆறு வருஷத்தில் வரைந்த கட்டம்தான் இன்றும் நாம் நடக்கும் ஊர். பிறகு 1761-இல் ஆங்கிலேயர் ஊரைக் கைப்பற்றி, கோட்டையையும் வெள்ளையர் வீடுகளையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765-க்குப் பிறகு ழான் லாவ் தெ லொரிஸ்தோன் காலத்தில் பழைய அடித்தளத்தின் மேல் மறுபடி கட்டினார்கள். 1754-இலேயே ஊரை விட்டுப் போன துய்ப்ளெக்ஸ், அவர் பெயர் சொல்லி இன்று காட்டப்படும் வீடுகளில் பெரும்பாலானவற்றைக் கண்ணால் பார்த்ததே இல்லை.

கட்டம் ஒன்றாக இருந்தாலும் ஊர் இரண்டாக இருந்தது. வாய்க்காலுக்குக் கிழக்கே ‘வீல் பிளான்ஷ்’, மேற்கே ‘வீல் நுவார்’. வெள்ளை ஊர், கறுப்பு ஊர். ‘ஒயிட் டவுன்’ என்பது அதன் மொழிபெயர்ப்பு. காப்பிக் கடைப் பலகையில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயருக்கு ஒரு மறுபாதி உண்டு என்பதையும் விருந்தினரிடம் சொல்லிவிட வேண்டும்.

இனி, துணிமணி. புஸ்ஸி வீதி, ரொமேன் ரொலான் வீதி, சுய்ப்ரேன் வீதி என்று எதில் நுழைந்தாலும் கைத்தறிச் சட்டை, நீலச் சாயம் போட்ட துணி, தோல் பை, கையால் செய்த காகிதம், ஊதுவத்தி என்று கடைகள் வரிசையாக இருக்கின்றன. விலை நம்மைப் போன்ற ஓய்வூதியக்காரர்களுக்குக் கொஞ்சம் கூடுதல்தான். ஆயினும் இந்த ஊரில் துணி விற்பது புதிதல்ல. பிரெஞ்சுக் கம்பெனி இங்கே கடை போட்டதே துணிக்காகத்தான். ‘கினே’ என்று ஒரு நீலத் துணி இருந்தது. சுற்றுவட்டாரத்தில் நெய்து, அவுரிச் சாயம் தோய்த்து, கப்பலேற்றி ஆப்பிரிக்காவின் செனெகல் வரை அனுப்பினார்கள். அங்கே அதுவே பணம் மாதிரி கைமாறியது. கருவேலம்பிசின் வாங்கக்கூட இந்தத் துணியைத்தான் கொடுத்தார்களாம்.

பின்னால் ஆலைகள் வந்தன. ரோடியர், சவானா, சுதேசி என்று மூன்று மில் சங்கு ஊதிய ஊர் இது. 1936 ஜூலை 30 அன்று சவானா மில் தொழிலாளர்கள் 12 பேர் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டார்கள். மறு வருஷம் எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமானது. ரோடியர் மில்லின் கதவு 2020-இல் நிரந்தரமாகச் சாத்தப்பட்டது. கண்ணாடிக்குப் பின்னால் தொங்கும் நீலச் சட்டையைப் பார்க்கும்போது, இந்தச் சாயத்தில் கையை நனைத்தவர்கள் வாய்க்காலுக்கு மேற்கேயும் முதலியார்பேட்டையிலும் இருந்தார்கள் என்பது எனக்கு ஞாபகம் வரும்.

அடுத்து, சாப்பாடு. பிரெஞ்சுப் பகுதியில் நல்ல ரொட்டிக் கடைகள் உண்டு. குரோசான், பகெத் எல்லாம் சுடச்சுடக் கிடைக்கும். கடற்கரையிலேயே ‘லெ கஃபே’ இருக்கிறது. அது ஒரு காலத்தில் துறைமுக அலுவலகம். அங்கே உட்கார்ந்து கடலைப் பார்க்கலாம், அலைச் சத்தம் இலவசம். பழைய மாளிகைகளில் நடக்கும் உணவகங்களும் பல. ரொமேன் ரொலான் வீதியில் ‘ஓத்தேல் தெ லொரியான்’ ஆன கட்டடம் முன்பு கல்வித் துறை அலுவலகம். அதன் வாசலில் பிரெஞ்சில் ‘பொதுக் கல்வி’ என்று எழுதியிருந்ததைப் பலரும் பார்த்திருப்பீர்கள். கோப்புக் கட்டுகள் இருந்த அறைகளில் கட்டிலும் மேசையும் வந்தன. இடிந்து விழுவதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் கட்சி.

அந்த உணவகங்களில் ‘வதுவான்’ என்று ஒரு மசாலாவைப் போட்டு மீனோ கோழியோ கொண்டுவந்து வைப்பார்கள். பாரிசிலும் பெரிய சமையல்காரர்கள் அதை விரும்பிச் சேர்க்கிறார்கள். அது வேறொன்றுமில்லை, நம் வீட்டு வடவம். சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம் சேர்த்து இடித்து, உருட்டி, மொட்டை மாடியில் வெயிலில் காய வைத்து, மாலையில் எடுத்து மறுபடி பிசைந்து உருட்டி, விளக்கெண்ணெய் தடவி வைப்பார்களே, அதே தாளிப்பு வடவம். வாய்க்காலைத் தாண்டிக் கிழக்கே போனது, கப்பலேறியது, பெயரை மாற்றிக்கொண்டது. என் வீட்டில் விருந்தினர் அதைச் சாப்பிட்டுவிட்டுப் ‘பிரெஞ்சு வாசனை’ என்றால் என் மனைவி சிரிப்பாள்.

காப்பிக்கு நான் விருந்தினரை வாய்க்காலுக்கு மேற்கே நேரு வீதியில் உள்ள இந்தியன் காபி ஹவுசுக்குத்தான் அழைத்துப் போவேன். நம் காலத்துப் பெரியவர்களுக்கு அது துய்ப்ளெக்ஸ் வீதி. தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் நடத்தும் கடை. யான் மார்ட்டெல் எழுதிய ‘லைஃப் ஆஃப் பை’ நாவலின் முன்னுரையில் வருகிற கடையும் அதுதான். அங்கிருந்து நான்கு எட்டு வைத்தால் பெரிய மார்க்கெட். மீனும் பூவும் காய்கறியும் பித்தளையும் ஒரே கூரையின் கீழ். ஞாயிற்றுக்கிழமை என்றால் காந்தி வீதி முழுவதும் சந்தை. புஸ்ஸி வீதியில் ஒரு சட்டைக்குக் கேட்கும் பணத்துக்கு அங்கே ஒரு குடும்பமே உடுத்திக்கொள்ளலாம்.

மூன்றாவது, பார்ப்பது. பாரதி பூங்காவுக்கு எதிரே செயின்ட் லூயி வீதியில் அருங்காட்சியகம் இருக்கிறது. வருகிறவர்கள் துய்ப்ளெக்ஸ் படுத்ததாகச் சொல்லப்படும் கட்டிலையும், மனிதர் தள்ளிக்கொண்டு போன புஸ்புஸ் வண்டியையும் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். நான் அவர்களை அரிக்கமேட்டுப் பொருள்கள் இருக்கும் இடத்தில் நிறுத்துவேன். அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் 1945-இல் மார்டிமர் வீலர் தோண்டி எடுத்தவை, அவருக்குப் பின் பிரெஞ்சுக்காரர் கஸால் எடுத்தவை. உரோமாபுரி மது ஜாடித் துண்டுகள், மண்பாண்டங்கள், கண்ணாடி மணிகள். அங்கே கிடைத்த தொட்டிகளைப் பார்த்து, மெல்லிய துணிக்குச் சாயம் ஏற்றிய இடமாக இருக்கலாம் என்று வீலர் கருதினார். ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே இந்தக் கரையில் மணியும் துணியும் விற்ற கடைத்தெரு இருந்தது. இந்த ஊரின் வயதை 1674-இலிருந்து எண்ணுகிறவர்கள் அந்த மணிகளைப் பத்து நிமிஷம் பார்த்தால் போதும்.

பக்கத்திலேயே ரொமேன் ரொலான் நூலகம். 1827-இல் தொடங்கியது. முதல் பத்து ஆண்டுகள் ஐரோப்பியர்களுக்கு மட்டும், அதன் பிறகே எல்லோருக்கும் கதவு திறந்தது. இன்று அங்கே நம் பிள்ளைகள் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறார்கள். பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955-இல் வந்தது. அங்கே காக்கப்படும் சைவ ஓலைச்சுவடிகளை 2005-இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. ஆட்சி மாறிய பிறகு பிரெஞ்சுக்காரர் இங்கே செய்த காரியங்களில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

துய்மா வீதியில் 1855-இல் கட்டிய கப்ஸ் கோயிலுக்குள் போனால் சுவரைத் தொட்டுப் பாருங்கள். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த பூச்சு, சலவைக்கல் போல் வழவழவென்று இருக்கும். படம் போட்டுக் கொடுத்தவர் பிரெஞ்சுக்காரர். தேய்த்த கை நம்மூர்க் கொத்தனார் கை. இந்தப் பகுதியின் எல்லா மஞ்சள் சுவருக்கும் இதே கதைதான்.

அந்த வேலையைத் தெரிந்தவர்கள் குறைந்துபோனால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி கடற்கரை மேரி கட்டடம். 1871 வாக்கில் எழுந்த அந்த நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் அப்படியே சரிந்து விழுந்தது. நம்மில் பலருடைய பிறப்பும் திருமணமும் பதிவான இடம். 2021-இல் அதே முகத்தோடு புதிதாகக் கட்டித் திறந்தார்கள். பார்க்க நன்றாகவே இருக்கிறது. ஆனாலும் முகத்தை மறுபடி கட்டலாம், வயதைக் கட்ட முடியாது.

மேரிக்காவது புது முகம் கிடைத்தது. வாய்க்காலுக்கு மேற்கே விழும் வீடுகளுக்கு அதுவும் இல்லை. திண்ணை, தாழ்வாரம், முற்றம், தேக்குத் தூண் என்று இருந்த எத்தனையோ வீடுகள் நம் கண்ணெதிரே அடுக்குமாடி ஆகிவிட்டன. வாரிசுகள் பத்துப் பேர், பாதிப் பேர் பிரான்சில், பராமரிக்கப் பணமில்லை. யாரைக் குறை சொல்வது? ஆனால் வழி இல்லாமல் இல்லை. வைசியாள் வீதியில் முகப்புகளையும் திண்ணைகளையும் பழுதுபார்த்தபோது 2008-இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. பெருமாள் கோயில் வீதியில் ஒரு செட்டியார் வீடு விருந்தினர் விடுதியாகிப் பிழைத்திருக்கிறது. அங்கே சாப்பிட ஆள் வந்தால் அடுத்த வீட்டுக்காரருக்கும் இடிக்காமல் வைத்திருக்கலாம் என்ற எண்ணம் வரும். ஆள் வராவிட்டால் புல்டோசர்தான் வரும்.

பார்க்க வேண்டியவையும் மேற்கே குறைவில்லை. பெரிய மார்க்கெட்டை ஒட்டி ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை இருக்கிறது. 1761 அழிவுக்கு முந்தியது. கீழ்த்தளம் மரத்தூணோடு தமிழ் வீடு, மேல்தளம் பிரெஞ்சு மாடி. துய்ப்ளெக்ஸின் துபாஷியான அவர் 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதிய நாட்குறிப்பு இல்லாவிட்டால், கிழக்கே நடந்த பாதிக் கதை நமக்குத் தெரிந்திருக்காது. ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதியார் இருந்த வீடு, பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசன் வீடு, இரண்டும் அரசு காப்பாற்றும் நினைவில்லங்கள். பாரதியார் 1908 முதல் பத்து வருஷம் பிரெஞ்சு எல்லைக்குள் அடைக்கலமாக இருந்தார். அவர் குடியிருந்தது வாய்க்காலுக்கு மேற்கே, நம் மக்களோடு.

ஆகவே விருந்தினர் வந்தால் நான் சொல்லும் வரிசை இது. காலையில் வெயிலுக்கு முன் கடற்கரையும் பிரெஞ்சு வீதிகளும். மணக்குள விநாயகரைக் கும்பிட்டுவிட்டு, லட்சுமி யானை நின்ற இடத்தையும் காட்டலாம். பிறகு அருங்காட்சியகம். பத்தரை மணிக்கு வாய்க்காலைத் தாண்டி காபி ஹவுஸ், மார்க்கெட், பிள்ளை மாளிகை. மதியச் சாப்பாடு மேற்கே ஒரு பழைய வீட்டில். சாயங்காலம் வைசியாள் வீதி, இரு கவிஞர் வீடுகள். ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டிகள் வராது, திரும்பிப் போய்க் காற்று வாங்கலாம். வாய்க்காலைக் கடக்க இரண்டு நிமிஷம் ஆகும், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மூன்று.