ஒரு வரிக் கட்டளையின் நெடும்பயணம்

லினக்ஸுக்குப் புதிதாக வந்தவர், ஒரு மென்பொருள் வேண்டுமென்றால் முதலில் பிரவுசரைத்தான் திறப்பார். பெயரைத் தேடி, டவுன்லோடு பட்டனைக் கண்டுபிடித்து, இறங்கிய கோப்பை இருமுறை சொடுக்கிவிட்டு, எதுவும் நடக்கவில்லையே என்று விழிப்பார். விஷயம் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால், "அதெல்லாம் வேண்டாம், டெர்மினலைத் திறந்து 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால்' என்று அடித்து, கூடவே மென்பொருளின் பெயரைப் போடுங்கள், போதும்" என்பார். உபுண்டு, மின்ட், டெபியன் பயன்படுத்துபவர்கள் அன்றாடம் அடிக்கும் வரி அது. அதைச் செய்தவர்கள் ஒரே ஊர்க்காரர்களும் அல்ல, ஒரே காலத்தவரும் அல்ல. விமானக் கம்பெனிகள், தொலைபேசிக் கம்பெனி, தாள் சிக்கிய பிரின்டர், மனைவியின் தையல் அறையில் கடை போட்ட வியாபாரி என்று பல இடங்களைச் சுற்றிக்கொண்டுதான் அது நம் திரைக்கு வந்தது.

கதை 1955இல் கலிஃபோர்னியாவில் தொடங்குகிறது. லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்து விமானத் தயாரிப்பு நிறுவனங்கள் ஐபிஎம்மின் புதிய 704 கணினிக்காகக் காத்திருந்தன. கடையில் போய் மென்பொருள் வாங்கும் வழக்கமே அப்போது இல்லை. கணினியை வாங்கியவரே தமக்கு வேண்டிய நிரல்களில் பெரும்பகுதியை எழுதிக்கொள்ள வேண்டும். ஒரே கணக்கைப் போட ஆளுக்கொரு நிரல் எழுதுவது வீண் செலவு என்று அந்த நிறுவனங்களுக்குப் புரிந்தது. தொழிலில் போட்டியாளர்களாக இருந்துகொண்டே 'ஷேர்' என்ற சங்கத்தை அமைத்து நிரல்களைப் பகிர்ந்துகொண்டன. எல்லோரும் எடுத்துக்கொள்ளக்கூடிய பொதுக் களஞ்சியம் என்ற எண்ணம் இப்படிச் சிக்கனத்தில் பிறந்தது. 1969இல் ஐபிஎம் மென்பொருளுக்குத் தனி விலை வைக்கப்போவதாக அறிவித்த பிறகு, மென்பொருளும் விற்பனைச் சரக்காயிற்று.

அதே 1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன் யூனிக்ஸ் இயங்குதளத்தை எழுதத் தொடங்கினார். ஆய்வுக்கூடத்தின் சொந்தக்காரரான ஏடி அண்ட் டி, 1956ஆம் ஆண்டு நீதிமன்ற உடன்பாட்டின்படி தொலைத்தொடர்பைத் தவிர வேறு தொழிலில் இறங்க முடியாது. விற்கவும் முடியாது, பூட்டி வைத்தும் பயனில்லை. ஆகவே கேட்ட பல்கலைக்கழகங்களுக்கெல்லாம் சொற்பக் கட்டணத்தில், மூலநிரலோடு, காந்த நாடாவில் பதிந்து அனுப்பியது. நாடாவில் பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிவைக்க 1979இல் 'டார்' என்ற கருவி வந்தது. நாடா வழக்கொழிந்து எத்தனையோ காலமாகியும், லினக்ஸ் மென்பொருட்களின் மூலநிரல் இன்றும் டார் கோப்பாகத்தான் இணையத்திலிருந்து இறங்குகிறது.

பெல் ஆய்வுக்கூடத்தில் இன்னொருவர் பட்ட எரிச்சலும் நமக்கு உதவியது. தன் நிரலில் பிழை தேடி ஒரு காலைப்பொழுதை வீணாக்கியவர் அவர். பிழையை முன்பே திருத்திவிட்டிருந்தார். திருத்திய கோப்பை மறுபடி கம்பைல் செய்யத்தான், அதாவது கணினி இயக்கக்கூடிய வடிவத்துக்கு மாற்றத்தான், மறந்திருந்தார். அவர் புலம்பியதைக் கேட்ட ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன், எது மாறியதோ அதை மட்டும் தானாகவே கம்பைல் செய்யும் 'மேக்' கருவியை 1976இல் எழுதினார். நான்கைந்து ஆண்டுகள் கழித்து, நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் பாப் கோகெஷால், கிளிஃப் ஸ்பென்சர் என்ற இருவர் 'சூடோ'வை எழுதினார்கள். நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கொடுக்காமலேயே, குறிப்பிட்ட வேலைக்கு மட்டும் நிர்வாகியின் அதிகாரத்தை ஒருவருக்குக் கொடுக்கும் ஏற்பாடு அது. நம் வரியின் முதல் பகுதி தயார்.

ஏறக்குறைய அதே நேரத்தில் எம்ஐடியின் செயற்கை நுண்ணறிவுக் கூடத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனத்தின் லேசர் பிரின்டர் ஒன்று வந்து சேர்ந்தது. அடிக்கடி தாள் சிக்கிக்கொள்ளும். பழைய பிரின்டரின் நிரலை ரிச்சர்டு ஸ்டால்மன் திருத்தி, தாள் சிக்கினால் காத்திருப்பவர்களின் திரையில் செய்தி வரும்படி செய்திருந்தார். புதியதற்கும் அதையே செய்ய நினைத்தார். மூலநிரல் கிடைக்கவில்லை. அதை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகப் பேராசிரியரைக் கேட்டபோது, ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருப்பதாகச் சொல்லி மறுத்துவிட்டார். அந்தக் கோபம் ஆறவில்லை. யாரும் மூலநிரலைப் பார்த்துத் திருத்தக்கூடிய ஓர் இயங்குதளத்தை உருவாக்கும் க்னூ திட்டத்தை 1983இல் அறிவித்தார் ஸ்டால்மன். பிரின்டர் போன்ற சாதனங்களை இயக்கும் டிரைவர் சரியில்லையே என்று இன்று தலையைச் சொறியும் புதியவர்கள் கவனிக்க: கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் பிறப்புக் கதையே ஒரு டிரைவர் தகராறுதான்.

1991 ஆகஸ்டில் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், பிறகு லினக்ஸ் என்று பெயர்பெற்ற தன் கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் உட்கருவை, பற்றி அறிவித்தார். கெர்னல் மட்டும் இருந்தால் போதாதே. மேலே இயங்கும் கருவிகளையெல்லாம் சேர்த்துக் கட்டித்தர ஆள் வேண்டும். மான்செஸ்டர் கணினி மையம் 1992இல் அப்படியொரு தொகுப்பை, இன்றைய பேச்சில் டிஸ்ட்ரோவை, வெளியிட்டது. அதே ஆண்டு வந்த எஸ்எல்எஸ் பிரபலமானது. அதில் குறைகளும் நிறைய. 1993இல் அமெரிக்க மாணவர் பேட்ரிக் வோல்கர்டிங் எஸ்எல்எஸ்ஸை எடுத்துத் திருத்தி ஸ்லாக்வேர் என்று வெளியிட்டார். இன்னொரு மாணவர் இயன் மர்டாக்கோ எஸ்எல்எஸ் மேல் வெறுத்துப்போய், அடியிலிருந்து ஒழுங்காகச் செய்வோம் என்று டெபியனைத் தொடங்கினார். நகலெடுத்தவர் ஒருவர், எரிச்சல்பட்டவர் ஒருவர்; இரண்டு டிஸ்ட்ரோக்களும் இன்றும் உயிரோடிருக்கின்றன.

வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? வால்நட் கிரீக் என்ற நிறுவனம் ஸ்லாக்வேரை சிடியில் விற்றது. பாப் யங் என்பவர் மனைவியின் தையல் அறையிலிருந்து லினக்ஸ் சிடிகளை அஞ்சலில் விற்றுக்கொண்டிருந்தார். அவரும் மார்க் எவிங்கும் சேர்ந்து ரெட் ஹேட்டை வளர்த்தார்கள். நிரல், அது எந்தக் கோப்பை எங்கே வைக்க வேண்டும், அதற்கு வேறு எவை தேவை என்ற விவரங்களையெல்லாம் ஒரே பொதியில் அடைக்கும் முறை இக்காலத்தில்தான் உருவானது. டெபியனுக்கு டிபிகேஜி, ரெட் ஹேட்டுக்கு 1995இல் ஆர்பிஎம். ஆனால் ஒரு பொதியை நிறுவப்போனால் இரண்டாவது வேண்டும் என்னும்; அதைத் தேடி எடுத்துவந்தால் மூன்றாவதைக் கேட்கும்.

அந்தச் சங்கிலியை அறுத்தது 1998இல் டெபியன்காரர்கள் வெளியிட்ட ஆப்ட். டிஸ்ட்ரோவின் பொதிகளெல்லாம் இருக்கும் களஞ்சியத்தின் பட்டியலை வைத்துக்கொண்டு, எதற்கு எது தேவை என்று தானே கணக்கிட்டு, எல்லாவற்றையும் இறக்கி, சரியான வரிசையில் நிறுவியது. உடனே நகல்கள் கிளம்பின. பிரேசிலின் கோனெக்டிவா நிறுவனம் ஆப்டை எதிர்முகாமின் ஆர்பிஎம்முக்குப் பொருத்திக் காட்டியது. டெர்மினலுக்கு அஞ்சுபவர்களுக்காக அங்கே எழுதப்பட்ட சினாப்டிக், பிறகு டெபியனுக்கே வந்து குடியேறியது. ஆப்பிளின் பவர்பிசி கணினிகளுக்காக எழுதப்பட்ட யெல்லோ டாக் என்ற லினக்ஸின் கருவியை டியூக் பல்கலைக்கழகத்தார் திருத்தி எழுத, அது 'யம்' ஆகி ரெட் ஹேட் குடும்பத்தில் நெடுங்காலம் நிலைத்தது. 2008 ஆரம்பத்தில் ஜே ஃப்ரீமன், பூட்டுடைத்த ஐபோன்களுக்காக சிடியா என்ற கடையைத் திறந்தார். அதற்குள் ஓடியது ஆப்ட். ஆப்பிளின் ஆப் ஸ்டோர் திறந்தது அதே ஆண்டு ஜூலையில்தான்.

டிரைவர்கள் வேறு வழியில் நடந்தன. சிடியில் கொடுப்பதற்குப் பதிலாக அவற்றைக் கெர்னலுக்குள்ளேயே சேர்த்துவிடுவது லினக்ஸின் வழக்கம். நாசாவின் கோடார்ட் மையத்தில் 1994இல் மலிவான 16 கணினிகளை இணைத்து ஒரு வேகக் கணினியைச் செய்தபோது, டொனால்டு பெக்கர் நெட்வொர்க் கார்டுகளுக்கு வரிசையாக டிரைவர் எழுதினார். விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தேவைக்காக எழுதியது வீட்டுக் கணினிகளுக்கும் பயன்பட்டது. கெர்னலுக்கு வெளியே நிற்கும் டிரைவர்களுக்குத்தான் தொல்லை. கெர்னலின் உள்ளமைப்பு அடிக்கடி மாறுவதால், ஒவ்வொரு புதுப்பித்தலுக்குப் பிறகும் அவற்றை மீண்டும் கம்பைல் செய்ய வேண்டும். இதைத் தானாகச் செய்யும் டிகேஎம்எஸ், கணினி விற்கும் டெல் நிறுவனத்திடமிருந்து வந்தது. வைஃபை நிறுவனங்கள் கைவிரித்த காலத்தில், விண்டோஸ் டிரைவரையே லினக்ஸில் ஓடவைத்த என்டிஐஎஸ்ராப்பரும் வந்து போனது. லினக்ஸுக்கு ஒத்துழைக்கவில்லை என்று கிராஃபிக்ஸ் சிப் நிறுவனமான என்விடியாவுக்கு லினஸ் 2012இல் ஃபின்லாந்து மேடையில் நடுவிரலைக் காட்டியது உலகப் பிரசித்தம். அந்நிறுவனம் தன் கெர்னல் பகுதியின் மூலநிரலை 2022இல் வெளியிட்டது.

தமிழ்நாட்டையும் இந்தப் பாதை தொட்டுச் சென்றது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையத்தில் உருவான பாஸ் லினக்ஸ் டெபியனின் வழித்தோன்றல். 2011இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் அதுவும் இடம்பெற்றது. அந்த மடிக்கணினியில் பாஸைத் திறந்த மாணவர் கையில் ஆப்டும் இருந்தது.

இப்போது ஸ்னாப், ஃப்ளாட்பேக் என்று புதிய முறைகள் வந்துவிட்டன. தேவைப்படும் பெரும்பாலானவற்றை மென்பொருளே கூடக் கொண்டுவருவதால் இடம் அதிகம் பிடிக்கிறது. ஆனால் பெரும்பாலான டிஸ்ட்ரோக்களில் ஓடுகிறது.

புதியவர்கள் இந்த வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் எளிது. எது வேண்டுமானாலும் முதலில் உங்கள் டிஸ்ட்ரோவின் களஞ்சியத்தில் தேடுங்கள். டிரைவர் என்றால், கணினி தானாகவே கண்டுகொண்டதா என்று பாருங்கள், பெரும்பாலும் கண்டுகொண்டிருக்கும். என்விடியா போன்றவற்றுக்கு உபுண்டுவின் கூடுதல் டிரைவர்கள் பகுதியைத் திறந்து பாருங்கள். தயாரிப்பாளரின் வலைத்தளத்துக்குப் போவது கடைசி வழியாக இருக்கட்டும். எங்கோ பார்த்த கட்டளையை, அது என்ன செய்யும் என்று தெரியாமல், சூடோ போட்டு மட்டும் இயக்காதீர்கள்.