அடி தட்டாத வண்டி: சென்னைச் சாலைகளும் சேஸிஸும்

மனிதனுக்கு முதுகெலும்பு எப்படியோ, மோட்டார் வண்டிக்குச் சேஸிஸ் அப்படி. மேலே இருப்பது பேருந்தா, லாரியா, சினிமாக்காரர்களின் கேரவனா என்பதெல்லாம் அதன் மேல் கட்டும் கூட்டைப் பொறுத்தது.

சென்னைக்கும் கூடு கட்டும் தொழிலுக்கும் பழைய உறவு உண்டு. 1840-ல் தொடங்கிய சிம்ப்சன் நிறுவனம் முதலில் குதிரை வண்டிகளைச் செய்தது. அங்கேதான் 1903-ல் சாமுவேல் ஜான் கிரீன் நீராவிக் கார் ஒன்றை உருவாக்கினார். 1885-ல் இங்கிலாந்தில் டாக்டர் கார்டன் ஸ்டேபிள்ஸ் உல்லாசப் பயணத்துக்கென்றே செய்வித்த 'வாண்டரர்' என்ற நடமாடும் வீடும் குதிரை இழுத்ததுதான். 1948-ல் அசோக் மோட்டார்ஸ் தோன்றியது. 1955-ல் அது அசோக் லேலண்ட் ஆனது. எண்ணூரில் சேஸிஸ் தயாராகும். கரூர் போன்ற ஊர்களில் அதற்குக் கூடு கட்டுவார்கள்.

அடி ஏன் தட்டுகிறது?

கேரவனில் படுக்கை, கழிவறை, தண்ணீர்த் தொட்டி, ஜெனரேட்டர் எல்லாம் உண்டு. இடம் போதாமல் கூட்டைப் பின்னால் நீட்டுவார்கள். பின் சக்கரத்தைத் தாண்டி நீளும் பகுதி, இரு அச்சுகளுக்கு இடையிலான தூரத்தில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கின்றன 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள். வால் நீண்டால் மேடு ஏறும்போது அது தரையில் உரசும். பளு பின்னால் சேர்ந்தால் கமான் பட்டைகள் தளர்ந்து வண்டி இன்னும் தாழும். அடிபட்ட சேஸிஸில் பெரும்பாலும் கமான் பட்டையைத் தாங்கும் பிராக்கெட் அருகில்தான் விரிசல் விழும்.

பழுது பார்ப்பது

விரிசல் மேல் அப்படியே வெல்டிங் வைத்தால் அது பக்கத்தில் மறுபடி பிளக்கும். முதலில் விரிசலின் நுனியில் சிறு துளை போட்டு அது ஓடுவதை நிறுத்த வேண்டும். பிறகு பள்ளம் வெட்டி வெல்டிங் செய்து, பக்கவாட்டில் இரும்புத் தகடு வைத்து வலுவூட்ட வேண்டும். தகட்டின் முனை சரிவாக முடிய வேண்டும். செங்குத்தாக முடிந்தால் அங்கேயே அடுத்த விரிசல். சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளில் துளை போடக் கூடாது. கூடவே தொட்டியை அச்சுகளுக்கு நடுவே மாற்றி, தளர்ந்த பட்டைகளையும் மாற்ற வேண்டும். வாலின் அடியைச் சரிவாக்கிச் சிறு உருளைகள் பொருத்துவதும் உண்டு.

சாலையின் பங்கு

வண்டியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இந்தியச் சாலைக் காங்கிரஸின் அளவுப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டு மெல்லச் சரிய வேண்டும். நந்தனம் சிக்னலில் அண்ணா சாலையை விட்டுத் தெருக்களுக்குள் திரும்பினால் அந்த அளவில் எத்தனை இருக்கும்?

இந்த அடி தட்டும் பயத்துக்கு விலை கொடுத்தவர்கள் வேறு யாரோ. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-ல் வந்த பிறகும், தளம் 900 மி.மீ. உயரமுள்ள பேருந்துகளே வாங்கப்பட்டன. தேங்கும் மழைநீரும் வேகத்தடைகளும் காரணமாகச் சொல்லப்பட்டன. சக்கர நாற்காலியில் இருப்பவர் அதில் ஏறுவது எப்படி? வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. கடைசியில் 2024 ஆகஸ்டில் 400 மி.மீ. தளம் கொண்ட தாழ்தளப் பேருந்துகள் 58 ஓடத் தொடங்கின. அவை நிறுத்தத்தில் இன்னும் சற்றுச் சாய்ந்து கொடுக்கும்.

சாலைக்கு ஏற்ப வண்டியை உயர்த்திக்கொண்டே போனோம். வண்டிக்கும் மனிதருக்கும் ஏற்பச் சாலையைச் சீராக்குவதுதான் மிச்சமிருக்கும் வேலை.