குறுகலான உயர டயரா, அகலமான டயரா? சேற்றில் இறங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை!

தார், ஜிம்னி, கூர்க்கா, பழைய ஜிப்ஸி என்று ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்குகிறவர்கள் முதலில் கை வைப்பது டயரில்தான். கடைக்குப் போனதும், "இருக்கறதுலயே அகலமானதா போடுங்கண்ணே, பார்க்க கெத்தா இருக்கணும்" என்பதுதான் பெரும்பாலானவர்கள் கேட்பது. ஆனால், ஆஃப்ரோடில் பழம் தின்று கொட்டை போட்டவர்களின் வண்டிகளைக் கவனித்துப் பாருங்கள். உயரமான, ஒடிசலான டயர்கள் இருக்கும். 'பீட்சா கட்டர்' என்று கிண்டலாக இதற்கு ஒரு பெயரும் உண்டு. அகலம் அதிகமானால் பிடிப்பும் அதிகம்தானே, பிறகு ஏன் இப்படி? ஒரு செட் டயர் என்பது சின்னச் செலவு இல்லை. மழையில் மலைப்பாதை இறங்கும்போது உங்கள் குடும்பத்தின் பாதுகாப்பும் அந்த நான்கு டயர்களில்தான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விவரமாகவே பார்த்துவிடலாம்.

முதலில், சைஸைப் படிக்கக் கற்றுக்கொள்வோம்

டயரின் பக்கவாட்டில் 235/85 ஆர்16 என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 235 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 85 என்பது சைடுவாலின் உயரம். அகலத்தில் 85 சதவிகிதம் என்று அர்த்தம். 'ஆர்' என்றால் ரேடியல். 16 என்பது ரிம்மின் விட்டம், இன்ச்சில்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 235-ல் 85 சதவிகிதம் கிட்டத்தட்ட 200 மி.மீ. மேலும் கீழும் சேர்த்து 400. அத்துடன் ரிம்மின் 406 மி.மீட்டரைக் கூட்டினால், டயரின் மொத்த உயரம் 806 மி.மீ., அதாவது சுமார் 31.7 இன்ச். இதே கணக்கை 265/75 ஆர்16 டயருக்குப் போட்டால் 804 மி.மீ. வரும். இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரம்தான். அகலத்தில் மட்டும் 30 மி.மீ. வித்தியாசம்.

33 இன்ச்சிலும் இதே மாதிரி ஒரு ஜோடி உண்டு. 255/85 ஆர்16 டயரின் உயரம் 840 மி.மீ.; 285/75 ஆர்16 டயரின் உயரம் 834 மி.மீ. எனவே உயரம் வேண்டும் என்பதற்காக அகலத்தையும் சேர்த்து வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. இந்த இடத்திலிருந்துதான் உண்மையான ஒப்பீடே ஆரம்பிக்கிறது.

உயரம் எதற்கு?

உங்கள் வண்டியின் ஆக்ஸில், அதன் நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியல் இரண்டையும் தரையிலிருந்து தூக்கிப் பிடிப்பது டயர் மட்டும்தான். சஸ்பென்ஷனை எவ்வளவு உயர்த்தினாலும் பாடிதான் மேலே போகும். ஆக்ஸில் இருந்த இடத்திலேயே இருக்கும். டயரின் உயரம் எவ்வளவு கூடுகிறதோ, அதில் பாதி ஆக்ஸிலுக்குக் கூடுதல் இடைவெளியாகக் கிடைக்கும். 2020 தாரின் ஆரம்ப வேரியன்ட்டில் வந்த 245/75 ஆர்16 டயரின் உயரம் 774 மி.மீ. அதற்குப் பதில் 235/85 ஆர்16 போட்டால் 32 மி.மீ. உயரம் கூடும், டிஃபரன்ஷியலுக்குக் கீழே 16 மி.மீ. கிடைக்கும். 'இவ்வளவுதானா?' என்று தோன்றலாம். ஆனால், நடுவில் கல் துருத்திக்கொண்டிருக்கும் தடத்தில் இந்த 16 மி.மீ. பெரிய விஷயம். இன்னொன்று, பெரிய சக்கரம் பள்ளத்துக்குள் முழுசாக இறங்காது. கல்லின் மீதும் சுலபமாக ஏறும்.

அகலம் குறைந்தால் பிடிப்பு குறையாதா?

இங்கேதான் பலரும் குழம்பிப்போகிறார்கள். டயர் தரையைத் தொடும் பரப்பு, வண்டியின் எடையையும் டயருக்குள் இருக்கும் காற்றழுத்தத்தையும் பொறுத்தது. ஒரே எடை, ஒரே அழுத்தம் என்றால், குறுகலான டயரும் அகலமான டயரும் ஏறக்குறைய ஒரே அளவு பரப்பைத்தான் தொடும். ஆனால், அந்தப் பரப்பின் வடிவம் மாறும். அகல டயரின் தடம் குட்டையாகவும் அகலமாகவும் இருக்கும். குறுகலான டயரின் தடம் நீளமாக இருக்கும்.

சேற்றில் போகும்போது டயர் தனக்கு முன்னால் இருக்கும் சேற்றைத் தள்ளிக்கொண்டேதான் போக வேண்டும். அகலமான டயர் அதிகம் தள்ள வேண்டியிருக்கும், இன்ஜின் திணறும். குறுகலான டயர் சேற்றை வெட்டிக்கொண்டு கீழே இறங்கி, அடியில் இருக்கும் கெட்டித் தரையைப் பிடித்துக்கொள்ளும். ஆனால், 'அடியில் கெட்டித் தரை இருந்தால்' என்பதை மறந்துவிடாதீர்கள். மொத்த விஷயமும் அதில்தான் இருக்கிறது.

நெல் வயலைப் பார்த்தாலே இது புரிந்துவிடும். உட்கார்ந்து ஓட்டும் நாற்று நடவு மெஷினின் சக்கரங்கள் உயரமாக, ஒல்லியாக இருக்கும். அவை சேற்றைத் தாண்டி அடியில் இருக்கும் கடின அடுக்கில் நிற்கும். அதே வயலில் சேற்றுழவு ஓட்டும் கனமான டிராக்டருக்கோ, அகலமான இரும்புக் கேஜ் வீல் மாட்டுவார்கள். புதையாமல் இருக்க எடையைப் பரப்ப வேண்டும் என்பதுதான் காரணம். வயல் ஒன்றுதான். ஒன்று தரையைத் தேடிப் போகிறது; மற்றது மேலேயே மிதக்கப் பார்க்கிறது. உங்கள் டயரும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் செய்யும்.

எந்த மண்ணுக்கு எது?

மலைப்பாதை, கல்லும் செம்மண்ணும்: குறுகலான டயருக்கு ஏற்ற இடம். மேலே வழுக்கும் சேறு, அடியில் பாறை. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்புகளின் டயர்களைக் கவனியுங்கள். அங்கே பகட்டான அகல டயர்களுக்கு வேலை இல்லை. குறுகிய தடத்தில் ஸ்டீயரிங் திருப்புவதும் சுலபம்.

மணல்: இங்கே அகல டயருக்கே முதலிடம். தேரிக்காட்டு மணலைப் போன்ற இடத்தில் அடித்தரை என்று ஒன்று கிடைக்காது, மிதந்துதான் போக வேண்டும். உயரமான குறுகிய டயரிலும் காற்றைக் குறைத்துச் சமாளிக்கலாம். தடம் நீளமாகி ஓரளவு மிதக்கும். ஆனாலும் அகல டயருக்குத்தான் சௌகரியம்.

கரிசல்: மழையில் ஊறிய கரிசலில் எந்த டயரும் ஹீரோ இல்லை. பசை மாதிரி ஒட்டி, டயரின் இடைவெளிகளையெல்லாம் அடைத்துவிடும். அகலத்தைவிட, ரப்பர் கட்டைகளுக்கு நடுவே போதுமான இடைவெளி இருக்கிறதா, சுற்றும்போது சேற்றை உதறித் தள்ளுகிறதா என்பதுதான் முக்கியம். மழைவிட்டுக் காயும்வரை காத்திருப்பது இன்னும் நல்லது.

ஈரமான தார் ரோடு: மட் டெரெயின் டயர்களின் பலவீனமே இதுதான். கட்டைகளுக்கு நடுவே இடைவெளி அதிகம் என்பதால், ரோட்டைத் தொடும் ரப்பர் குறைவு. ஈரத்தில் பிரேக் பிடித்தால் சாதாரண டயரைவிட வண்டி தள்ளிப்போய்த்தான் நிற்கும். ரோட்டில் தேங்கிய தண்ணீரை வெட்டிச் செல்வதில் குறுகலான டயர் கொஞ்சம் பரவாயில்லை. அதற்காக வேகத்தைக் கூட்டிவிடாதீர்கள்.

டயர்களை ஒப்பிடுவோமா?

6.00-16: இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்பின் சைஸ். சுமார் 28 இன்ச் உயரம், 6 இன்ச்சுக்குச் சற்றே கூடுதல் அகலம். பழைய ஜீப்பைப் புதுப்பிக்கிறவர்களுக்கு ஏற்றது. நவீன வண்டிகளுக்கு இது போதாது.

7.50-16: லேண்ட் ரோவர், டொயோட்டா லேண்ட் க்ரூஸர் 70 போன்றவற்றில் பல வருடங்கள் ஓடிய சைஸ். கிட்டத்தட்ட 32 இன்ச் உயரம். 1980 முதல் 2000 வரை நடந்த கேமல் ட்ரோஃபி பயணங்களில் லேண்ட் ரோவர்கள் ஓடியதும் இது மாதிரியான குறுகிய டயர்களில்தான். நம் ஊரில் சின்ன லாரிகளுக்கும் இதே சைஸ் வருவதால் சுலபமாகக் கிடைக்கும். ஆனால் உஷார்! லாரி டயர் பல டன் சுமைக்காகச் செய்யப்பட்டது. லேசான ஜீப்பில் போட்டால் சைடுவால் வளைந்தே கொடுக்காது. கட்டை மாதிரி குதிக்கும். ட்யூப் உள்ள டயரில் காற்றை ரொம்பக் குறைத்தால், ரிம்மில் டயர் நழுவி வால்வே பிய்ந்துவிடும்.

235/85 ஆர்16: அன்றாட ஓட்டமும் வேண்டும், வார இறுதியில் காடும் வேண்டும் என்பவர்களுக்கு நடுநிலையான தேர்வு. ட்யூப்லெஸ், உயரம், ஒடிசல் மூன்றும் கிடைக்கும்.

255/85 ஆர்16: உண்மையான பீட்சா கட்டர் இதுதான். டோயோ ஓப்பன் கன்ட்ரி எம்/டி, மேக்ஸிஸ் பிக்ஹார்ன் போன்றவை இந்த சைஸில் வந்திருக்கின்றன. 33 இன்ச் என்பதால் பெரும்பாலான வண்டிகளில் சஸ்பென்ஷனை உயர்த்தாமல் இது உட்காராது. எடையும் அதிகம்.

34x9.50-15: அமெரிக்காவின் இன்டர்கோ சூப்பர் ஸ்வாம்பர் டி.எஸ்.எல் போன்ற டயர்களின் சைஸ். ரேடியல் அல்ல, பயாஸ் வகை. சேற்றில் ராட்சசன். ஹைவேயில் சத்தமும் அதிர்வும் அதிகம். ஒரே இடத்தில் நிறுத்தி வைத்தால் தட்டையாகி, மறுநாள் முதல் சில கிலோமீட்டர் தடதடக்கும். போட்டி வண்டிக்கு மட்டும் சரி.

மாற்றினால் வேறென்ன மாறும்?

டயர் பெரிதானால் கியர் விகிதமும் மாறியதுபோல் ஆகிவிடும். 31 இன்ச்சிலிருந்து 33 இன்ச்சுக்குப் போனால் சுமார் 6 சதவிகிதம் இழுவை குறையும். ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லும். அது 80 காட்டும்போது நீங்கள் 85-ல் போய்க்கொண்டிருப்பீர்கள். பிரேக், ஸ்டீயரிங் இணைப்புகள், ஆக்ஸில் எல்லாவற்றுக்கும் சுமை கூடும். மைலேஜும் அடி வாங்கும்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அளவுகளிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் க்ளெய்மில் இது சிக்கலாக வந்து நிற்கலாம். உங்கள் மாடலின் ஏதாவது ஒரு வேரியன்ட்டில் கம்பெனியே கொடுத்திருக்கும் சைஸைத் தேர்ந்தெடுப்பது பாதுகாப்பான வழி.

வாங்கும் முன் இதைக் கவனியுங்கள்

* லோடு இண்டெக்ஸ்: பழைய டயரில் இருக்கும் எண்ணைவிடக் குறையக் கூடாது.

* ஸ்பீடு ரேட்டிங்: பெரும்பாலான மட் டெரெயின் டயர்களில் 'க்யூ' என்று இருக்கும், அதிகபட்சம் 160 கி.மீ. லாரி டயர்களில் இன்னும் குறைவாக இருக்கலாம்.

* ரிம் அகலம்: குறுகலான டயரை அகல ரிம்மில் போட்டால் சைடுவால் வெளியே இழுபட்டு, கல் கிழிக்க வசதியாகிவிடும். டயர் கம்பெனியின் அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

* தயாரித்த தேதி: சைடுவாலில் இருக்கும் நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2224 என்றால் 2024-ன் 22-வது வாரம்.

* உரசல்: ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்துப் பாருங்கள். ஒரு சக்கரத்தைத் தூக்கி வைத்தும் பாருங்கள்.

* ஸ்டெப்னி: ஐந்தாவது டயரும் அதே சைஸில் இருக்கட்டும். வேறு உயரத்தில் ஒரு டயர் மட்டும் ஓடினால் ஃபோர் வீல் டிரைவில் டிஃபரன்ஷியலும் டிரான்ஸ்ஃபர் கேஸும் பாதிக்கும்.

* காற்றுப் பம்ப்: சேற்றிலும் மணலிலும் அழுத்தத்தைக் குறைத்தால், ரோட்டுக்கு ஏறியதும் திரும்ப அடிக்க வேண்டும். காற்றுக் குறைந்த டயரில் வேகமாகப் போனால் சைடுவால் சூடாகி வெடிக்கலாம்.

கடைசியாக ஒன்று. கடைக்காரர் "எந்த சைஸ் வேணும்?" என்று கேட்கும் முன், நீங்கள் ஓட்டப்போவது எந்த மண்ணில் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அடியில் தரை இருந்தால் குறுகலும் உயரமும். தரையே இல்லாத மணல் என்றால் அகலம். வருடத்தில் 350 நாள் தார் ரோட்டில்தான் ஓடும் என்றால், மட் டெரெயினே வேண்டாம். நல்ல ஆல் டெரெயின் டயர் ஒரு செட் போதும். மிச்சப் பணத்தில் ஒரு காற்றுப் பம்ப்பும் இழுவைப் பட்டையும் வாங்கி டிக்கியில் வையுங்கள். சிக்கிக்கொண்டால் அவைதான் உங்களை வெளியே கொண்டுவரும்!