தடிமன் மருந்தும் மறைந்த பெயர்களும்

தடிமன் பெரும்பாலும் உயிர்கொல்லும் நோயன்று. ஆயினும் அதற்கென விற்கப்படும் கலவைக் குளிகைகளின் வரலாறு, நாடுகளின் மருந்துக் கொள்கை வரலாற்றோடு நெருங்கிப் பிணைந்ததாகும். இரண்டு மூன்று மருந்துகளை ஒன்றாக்கி ஒரே வணிகப் பெயரால் வழங்கியபோது, அவற்றின் தீங்குகளும் அப்பெயருக்குள் மறைந்தன.

இக்கலவையின் ஒரு கூறு ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்து. 1937இல் பரிசிலுள்ள பாஸ்டர் நிறுவகத்தில் டானியல் போவேயும் ஆன்-மரி ஸ்டாப்பும் இவ்வகையின் முதல் மருந்தைக் கண்டறிந்தனர். மற்றைய கூறு மூக்கடைப்பு நீக்கி. 1885இல் ஜப்பானிய அறிஞர் நாகாய் நாகயோஷி சீன மூலிகையொன்றிலிருந்து பிரித்தெடுத்த எபெட்ரின் இவ்வகைக்கு முன்னோடியாயிற்று.

முன்னது தூக்கத்தையும் பின்னது விழிப்பையும் தருவன. எனவே ஒன்றின் குறையை மற்றது ஈடுசெய்யும் என எண்ணுதல் இயல்பே. ஆயின் உடலில் இவை ஒன்றையொன்று முற்றாக நீக்கிவிடுவதில்லை. குளோர்பெனிரமின் போன்ற பழைய மருந்துகள் மூளையுட் சென்று மந்தத்தை உண்டாக்கும். வாய் வரட்சியும் சிறுநீர்த் தடையும் தரும். மூக்கடைப்பு நீக்கிகள் நாசியின் இரத்தக் குழாய்களோடு நின்றுவிடாது இரத்த அழுத்தத்தையும் நெஞ்சுப் படபடப்பையும் கூட்டக்கூடும். இருவகைத் தீங்குகளும் ஒருவரிடமே ஒருங்கே தோன்றலாம்.

இரத்தினபுரி மாவட்டத்தின் நிவித்திகல போன்ற ஈரவலயத் தோட்டப் பகுதிகளில் இது வெறும் ஏட்டறிவன்று. விடியலிற் கத்தியேந்திப் பால்வெட்டும் இறப்பர்த் தொழிலாளிக்கும், மழையில் வழுக்கும் சரிவில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கும் முதல்நாள் இரவு விழுங்கிய குளிகையின் மந்தம் விபத்தாக முடியலாம். தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென 1912இலேயே கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. ஆயின் மருந்து கிடைத்தல் வேறு. அது யாதென அறிதல் வேறு.

இவ்விடத்திலேயே பேராசிரியர் சேனக பிபிலேயின் பணி நோக்கற்பாலது. 1971இல் அவரும் வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் அளித்த அறிக்கையையொட்டி அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. ஏறத்தாழ 2,100 ஆக இருந்த மருந்துகளின் பட்டியல் 600 அளவிற்குக் குறைக்கப்பட்டது; வணிகப் பெயருக்குப் பதிலாக மருந்தின் பொதுப்பெயர் வலியுறுத்தப்பட்டது. இதனைச் சிக்கன நடவடிக்கையாக மட்டும் கொள்வது பொருந்தாது. உட்கொள்வதன் உண்மைப் பெயரை நோயாளி அறிய வழிவகுத்த சீர்திருத்தமும் அதுவே. 1977இன் பின் திறந்த பொருளாதாரத்தோடு தனியார் இறக்குமதி மீண்டும் பெருகிற்று.

பிற்கால நிகழ்ச்சிகள் அக்கொள்கையின் தேவையை உறுதிப்படுத்தின. பல தடிமன் கலவைகளில் இடம்பெற்ற பெனைல்புரோப்பனோலமின், பெண்களிடையே மூளை இரத்தக்கசிவோடு தொடர்புடையதென 2000இல் யேல் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. அவ்வாண்டே அமெரிக்கா அதை விலக்க முற்பட்டது. இந்தியா 2011இல் தடைசெய்தது. 2023இல் வாய்வழிப் பெனைலெப்ரின் மூக்கடைப்புக்குப் பயனற்றதென அமெரிக்க ஆலோசனைக் குழு முடிவு செய்தது. அதே ஆண்டு டிசம்பரில், குளோர்பெனிரமினும் பெனைலெப்ரினும் சேர்ந்த கலவையை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுத்தலாகாதென எச்சரிக்கை பொறிக்குமாறு இந்தியா பணித்தது.

பெயர் தெரியாத மருந்தின் தீங்கை, அதனை உண்டவர் நோயின் மேலோ விதியின் மேலோ ஏற்றிவிடுவர். ஆகவே குளிகையின் உள்ளடக்கமும் எச்சரிக்கையும் அதனை உண்பவரின் தாய்மொழியில் அவருக்குத் தெரிவிக்கப்படல் வேண்டும். லயத்து மக்களுக்கும் அது சலுகையன்று, உரிமையே.