இரத்தக் குழாய்களும் கரிசல் வெயிலும்

இதயத்திலிருந்து புறப்படும் இரத்தத்தை உடலின் திசுக்களுக்குக் கொண்டு சேர்த்து, மீண்டும் இதயத்துக்கே திருப்பிவிடும் குழல் அமைப்பு இரத்தக் குழாய்கள் எனப்படும். இரத்தத்தை இதயத்திலிருந்து வெளியே எடுத்துச் செல்வது தமனி. இதயத்துக்குத் திரும்பக் கொண்டுவருவது சிரை. இவ்விரண்டையும் இணைக்கும், வெறுங்கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய குழல் தந்துகி. தமனியில் நல்ல இரத்தமும் சிரையில் கெட்ட இரத்தமும் ஓடுவதாகப் பலர் மனத்தில் பதிந்துள்ள பிரிவு முழுவதும் சரியன்று. நுரையீரல் தமனி ஆக்சிஜன் குறைந்த இரத்தத்தையும், நுரையீரல் சிரை ஆக்சிஜன் நிறைந்த இரத்தத்தையும் சுமப்பதால், ஓட்டத்தின் திசையைக் கொண்டே இப்பெயர்கள் அமைந்தன எனக் கொள்ள வேண்டும்.

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் ஆகிய ஊர்களைக் கொண்ட கரிசல் வட்டாரத்தில் மட்டுமின்றித் தமிழகம் எங்குமே, புறங்கையில் பச்சையாகப் புடைத்துத் தெரியும் சிரையை ‘நரம்பு’ என்றே மக்கள் சொல்கின்றனர். குளுக்கோஸ் ஏற்றும்போது ‘நரம்பு கிடைக்கவில்லை’ என்பதும் இவ்வழக்கே. உடலியலில் நரம்பு என்பது மூளைக்கும் உறுப்புகளுக்கும் இடையே செய்தி கடத்தும் திசுவாகும். அது இரத்தம் ஓடும் குழல் அன்று. மணிக்கட்டில் பெருவிரல் பக்கமாக விரல் வைத்து நாடி பார்க்கும்போது துடிப்பது ஆரத்தமனி. அத்துடிப்பு இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் தமனிச் சுவர் வழியே பரவும் அழுத்த அலையாகும்.

தமனியும் சிரையும் மூன்று உறைகளால் ஆனவை. வெளியுறை இணைப்புத் திசுவாலும், நடுவுறை தசையாலும் மீள்திறன் கொண்ட இழைகளாலும் ஆகியிருக்க, உள்ளுறையின் மேற்பரப்பில் ஒற்றை அடுக்குச் செல்களாகிய எண்டோதீலியம் படிந்துள்ளது. இவ்வடுக்கு வெறும் பூச்சு அன்று. நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவைச் சுரந்து நடுவுறைத் தசையைத் தளர்த்துவதும், இரத்தம் குழலுக்குள்ளேயே உறையாமல் காப்பதும் இதன் பணிகளாகும். அவ்வாயுவின் பங்கைக் கண்டறிந்ததற்காக 1998ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகிய மூவருக்கு வழங்கப்பட்டது. இதயத்தை விட்டு நீங்கும் பெருந்தமனியின் விட்டம் ஏறத்தாழ 2.5 செ.மீ.; தந்துகியின் விட்டமோ 5 முதல் 10 மைக்ரோமீட்டர் வரையே என்பதால், 7 அல்லது 8 மைக்ரோமீட்டர் அகலமுள்ள சிவப்பணுக்கள் பல இடங்களில் வளைந்து நெளிந்து ஒன்றன்பின் ஒன்றாகவே அதனுள் செல்கின்றன. இரத்தம் சுற்றி ஓடுகிறது என்பதை 1628இல் வில்லியம் ஹார்வி நிறுவியபோது இத்தந்துகிகள் அறியப்படவில்லை. 1661இல் மால்பிகி தவளையின் நுரையீரலை உருப்பெருக்கியில் பார்த்த பிறகே அந்த இடைவெளி நிரம்பிற்று.

எந்த உறுப்புக்கு எவ்வளவு இரத்தம் என்பதைப் பெரிதும் முடிவு செய்பவை, தமனிகளின் கடைசிக் கிளைகளாகிய நுண்தமனிகள். வாய்க்காலில் மடை திறந்து அடைப்பதுபோல இவற்றின் தசை தளர்ந்தும் இறுகியும் ஓட்டத்தைப் பங்கிடுகிறது. கரிசல் காட்டில் கோடையில் வெயில் 40 டிகிரி செல்சியசை நெருங்கும் நண்பகலில், நிழல் இல்லாத மானாவாரிப் புஞ்சையில் வேலை செய்பவரின் உடலில் இது தெளிவாக நிகழ்கிறது. ஓய்வில் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் குறைவாக இருக்கும் தோலின் இரத்த ஓட்டம், கடும் வெப்பத்தில் 6 முதல் 8 லிட்டர் வரை உயரக்கூடும். அதற்கு ஈடாகக் குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் செல்லும் நுண்தமனிகள் சுருங்குகின்றன. வியர்வையாக நீரும் உப்பும் வெளியேறி இரத்தத்தின் அளவும் குறைந்திருக்கும் அந்நேரத்தில், குத்தவைத்துக் களை எடுத்தவர் சட்டென்று எழுந்தால், கால் சிரைகளில் இரத்தம் தங்கி, மூளைக்குச் செல்வது நொடிப்பொழுது குறைந்து, கண் இருட்டிக்கொண்டு வருகிறது. மோரும் உப்பும் கரைத்த கம்பங்கூழைக் காட்டுக்குக் கொண்டுபோகும் பழக்கம் குழாய்கள் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்கிறது என்பதால், அதனை அறிவுடைய வழக்கமாகவே மதிக்க வேண்டும். இரத்த அழுத்தம் 140/90 மி.மீ. பாதரசம் என்ற அளவிலோ அதற்கு மேலோ நிலைத்திருப்பவர்கள் மட்டும் உப்பைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நன்று.

உடலின் இரத்தத்தில் 60 முதல் 70 விழுக்காடு வரை சிரைகளிலேயே இருக்கிறது. நிற்கும்போது கணுக்கால் சிரையில் அழுத்தம் சுமார் 90 மி.மீ. பாதரசமாக உயர்கிறது; நடக்கும்போது கெண்டைக்கால் தசை சிரையை அழுத்தி இரத்தத்தை மேலேற்ற, சிரையினுள் இருக்கும் கதவு போன்ற வால்வுகள் அது கீழே திரும்பாமல் தடுக்கின்றன. தீப்பெட்டி ஆலையிலோ கடையிலோ நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்தும் நின்றும் வேலை செய்பவர்களுக்கு இந்தத் தசை இயக்கம் கிடைப்பதில்லை. வால்வுகள் பழுதாகும்போது சிரைகள் முறுக்கிப் புடைக்கின்றன. ‘நரம்பு சுருட்டிக்கொண்டது’ என்று ஊரில் சொல்லப்படும் சுருள்சிரை நோய் இதுவே.

குழாயின் சுவரையே தாக்கும் ஆபத்தும் கரிசலுக்கு உண்டு. ஈரம் காய்ந்ததும் ஆழமாக வெடிக்கும் கரிசல் மண்ணின் பிளவுகள் எலிகளுக்கும் அவற்றைத் தேடிவரும் பாம்புகளுக்கும் இடம் தருகின்றன. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் நஞ்சில் உள்ள சில நொதிகள், தந்துகியின் எண்டோதீலியத்தைத் தாங்கி நிற்கும் அடிச்சவ்வை அரிக்கின்றன. வேறு சில, இரத்தத்தை உறையவைக்கும் காரணிகளைத் தூண்டி வீணே செலவழித்துவிடுகின்றன. சுவரும் கசிந்து, அடைக்கும் பொருளும் தீர்ந்த நிலையில், ஈறிலும் சிறுநீரிலும் குருதி காண்கிறது. இதனை அறிய மருத்துவமனையில் 2 மி.லி. இரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் ஊற்றி, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்க்கின்றனர். உறையாமல் வழிந்தால், நாகம், கட்டுவிரியன், மேற்கண்ட இரு விரியன்கள் ஆகிய நான்கின் நஞ்சையும் முறிக்கும் மருந்து சிரை வழியாக ஏற்றப்படுகிறது. 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது.

கடிபட்ட காலில் கயிற்றை இறுக்கிக் கட்டும் பழக்கம் இன்னும் உள்ளது. இறுக்கிய கட்டு தமனியையும் அடைத்து, அதற்குக் கீழுள்ள சதையை அழுகவிடும். கீறிவிட்டால், உறையாத இரத்தம் நிற்காமல் ஓடும். ஆகவே கட்டாமல், கீறாமல், காலை அசையவிடாமல், 108 ஊர்தியை அழைத்து உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.